‘இரண்டில் எது அதிகமோ அது’: வீட்டுத் தீர்வையில் ஒரு சொற்றொடர்

தச்சநல்லூரில் எங்க சித்தி வீடு 1,210 சதுர அடி. அந்தக் கூடுதல் பத்து அடிக்கு அவங்க என்ன விலை கொடுக்கிறாங்கன்னு கணக்குப் போட உட்கார்ந்தேன். அதிலிருந்து வந்ததுதான் இந்தக் குறிப்பு. (எங்க பக்கம் பெரியவங்க சொத்து வரின்னு சொல்றதில்ல, வீட்டுத் தீர்வைதான்.)

2022 ஏப்ரலில் வந்த உயர்வு, சென்னை தவிர்த்த மாநகராட்சி வீடுகளுக்கு: 600 சதுர அடி வரை 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் 100%. வருமான வரியில் வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே மொத்த வரிக்கும். அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய வீடு 1,200 அடி என்றால் 1,500. 1,201 என்றால் 1,750. கோட் ரிவ்யூவுக்கு இப்படி ஒன்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் என்னை உண்மையில் உறுத்துவது அடுத்து வந்ததுதான். 2023-ம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி வரி ஆண்டுதோறும் உயரும்: 6%, அல்லது மாநில உற்பத்தியின் ஐந்தாண்டு சராசரி வளர்ச்சி, இரண்டில் எது அதிகமோ அது. புரோகிராமர்களுக்குச் சொன்னால் இது ஒரு மேக்ஸ் ஃபங்ஷன். 6% கூட்டு விகிதத்தில் போனால் 12 வருடத்தில் வரி இரட்டிப்பாகும். கீழே இறங்க வழியே கிடையாது.

சந்தை கீழே இறங்காதா என்ன? 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் பணமதிப்பிழப்பு. வீட்டு மனை வியாபாரம் படுத்துவிட்டது. சித்தி மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்ட மனையைக் கேட்க ஆளில்லை. அரசுக்கும் இது தெரியும். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33% குறைத்தது (கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது, அது தனிக்கதை). மதிப்பு குறைந்துவிட்டது என்று அரசே ஒப்புக்கொண்ட அடுத்த வருடம், 2018-ல், குடியிருப்புகளுக்கு 50% வரை சொத்து வரி உயர்வு! அது 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த மாதம் ஊரக உள்ளாட்சித் தேர்தல். நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில் முடிந்தது. ஏப்ரலில் மேலே சொன்ன உயர்வு. தேதிகளை வரிசையாக வைத்தாலே போதும்.

நம்ம ஊர் வரி, விற்பனை விலையின் மேல் போடப்படுவதில்லை. பரப்பு, இடம், பயன்பாடு என்று கணக்கு. அதனால் விலை விழுந்தால் வரியும் விழ வேண்டும் என்று வாதிட மாட்டேன். சென்னையில் 1998-க்கும் மற்ற ஊர்களில் 2008-க்கும் பிறகு வரியைத் தொடாமலே விட்டதும் தப்புதான். குடிநீருக்கும் சாக்கடைக்கும் காசு வேணும்ல.

கலிஃபோர்னியாவில் 1978-ல் வந்த ‘புரொபோசிஷன் 13’ நேர் எதிர். அங்கே வரி மதிப்பு வருடத்துக்குப் பணவீக்கம் அல்லது 2%, இரண்டில் எது குறைவோ அந்த அளவுதான் ஏறும். அதே வருடம் வந்த இன்னொரு திருத்தம், சந்தை விழுந்தால் மதிப்பைத் தற்காலிகமாக இறக்கவும் வழி செய்தது. 2008 சரிவுக்குப் பிறகு நிறைய வீடுகளுக்கு அப்படி இறங்கியது. அதற்கும் நோய் உண்டு: பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பல மடங்கு வித்தியாசத்தில் வரி கட்டுகிறார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. இறங்குவதற்கு ஒரு வரி எழுதலாம் என்கிறேன்.

பதினைந்தாவது நிதிக்குழு மேல் பழியைப் போடுவதும் முழு உண்மையில்லை. மானியத்துக்கு அது கேட்டது குறைந்தபட்ச விகித அறிவிப்பும், சொத்து வரி *வசூல்* மாநில வளர்ச்சிக்கு இணையாக உயர்வதும். வசூல் வேறு, ஒவ்வொரு வீட்டின் வரி வேறு. கணக்கில் ஏறாத மாடிகளையும், வீடு என்று பதிந்து கடை நடத்தும் கட்டடங்களையும் சேர்த்தால் வசூல் தானாக ஏறும். அதற்குத் தெருத்தெருவாக அலைய வேண்டும். ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டுகிறவர் பில்லில் 6% சேர்ப்பது ஒரு கிளிக்.

அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை உண்டு. சித்தி ஒரு தடவைகூட அதை விட்டதில்லை. மனை இன்னும் விற்கவில்லை.