கண் இல்லாத காளை

நண்பர் ஒருவர் மேட்ரிட் போய்விட்டு வந்தார். எனக்குக் கொண்டுவந்தது, ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற ஒரு காந்தம். கன்னங்கரேலென்று, கொம்பும் புடைத்த கழுத்துமாக ஒரு காளை. 'ஸ்பெயினில் எங்கே திரும்பினாலும் இதுதான் சார்' என்றார். என் அண்ணன் மகன், ஆறு வயசு, உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: 'சித்தப்பா, இதுக்குக் கண்ணே இல்லையே?'

அட, ஆமாம்!

அந்தக் காளையின் கதை, காமர்ஸ் படித்த என் போன்றவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல். ஆஸ்போர்ன் என்கிற மதுபானக் கம்பெனிக்காக, பிராந்தி விற்க, மனோலோ ப்ரியெத்தோ என்ற ஓவியர் 1956-ல் வரைந்த விளம்பரம் அது. அடுத்த வருஷமே சாலையோரங்களில் நிறுத்தினார்கள். வளர்ந்து வளர்ந்து கடைசியில் 14 மீட்டர்... நாலு மாடி உயரம்! 1988-ல் நெடுஞ்சாலை ஓர விளம்பரங்களுக்குத் தடை வந்தது. கம்பெனி என்ன செய்தது? பிராந்தியின் பெயரை மட்டும் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டுக் காளையை அப்படியே நிற்க விட்டது. பிறகு, 'அதையும் எடு' என்று பேச்சு வந்தபோது ஜனங்கள் கொதித்துப் போனார்கள். 1997-ல் சுப்ரீம் கோர்ட், இது விளம்பரம் என்பதைத் தாண்டி நிலக்காட்சியின் ஒரு பகுதியாகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற ரீதியில் தீர்ப்பளித்தது. பெயரை அழித்ததால் சிரஞ்சீவியான விளம்பரம் வேறு எனக்குத் தெரிந்து கிடையாது.

ஆனால், ஓவியமாகப் பார்த்தால் எனக்கு அதன் மேல் ஒரு புகார் உண்டு. ரொம்பச் சௌகரியமான காளை அது. ரத்தம் கிடையாது, மணல் கிடையாது, வாள் பிடித்த மனிதன் கிடையாது. வெறும் நிழல். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அதன் முதுகில் ஏற்றலாம்.

ஏற்றினார்கள். ஒரு கூட்டம் அதைத் தேசியக் கொடியின் நடுவில் வைத்துக்கொண்டு ஃபுட்பால் மேட்ச்சுக்குப் போனது. 'நாங்கள் ஸ்பெயினே இல்லை' என்கிற கட்டலோனியாக்காரர்கள் சிலர், 2007-ல் பார்சிலோனா பக்கத்தில் எல் ப்ருக் என்ற ஊரில் நின்ற காளையைக் கவிழ்த்தே விட்டார்கள். காரின் பின்னால் ஒட்டிக்கொள்ள அவர்களுக்கு என்று ஒரு கழுதை ஸ்டிக்கர்! 2010-ல் கட்டலோனியப் பார்லிமென்ட் காளைச் சண்டைக்குத் தடை போட்டது. சபாஷ் என்று நானும் கை தட்டினேன். சில வாரம் கழித்து அதே பார்லிமென்ட், கொம்பில் தீப்பந்தம் கட்டிக் காளையைத் தெருவில் ஓட விடுகிற உள்ளூர்த் திருவிழாவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது? (அந்தத் தடையும் 2016-ல் கோர்ட்டில் விழுந்தது, அது வேறு கதை.)

சரி, நிஜக் காளை என்னதான் செய்கிறது? நாலு வயசிலிருந்து ஆறுக்குள். பெரிய அரங்கம் என்றால் குறைந்தது 460 கிலோ. பண்ணையில் குதிரை மேல் வருகிற ஆட்களைத்தான் அதுவரை பார்த்திருக்கும். தரையில் நிற்கிற மனிதனோடு மோத விட மாட்டார்கள். ஏன் தெரியுமா? அது கற்றுக்கொண்டுவிடும்! துணி சும்மா, ஆள் பின்னால் இருக்கிறான் என்று புரிந்துபோகும். சிவப்பைப் பார்த்து வெறி வருகிறது என்பதும் கட்டுக்கதை. சிவப்பு அதற்குப் பிரித்தே தெரியாது, துணியின் அசைவுதான் இழுக்கிறது. முதன்முதலாக மணலில் மனிதனைச் சந்திக்கிறது. சுமார் 20 நிமிஷம். அவ்வளவுதான். (ஜல்லிக்கட்டை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். நம்ம ஊர்க் காளை சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடும்.) எப்போதாவது, பிரமாதமாகச் சண்டை போட்ட காளைக்கு மன்னிப்பு வழங்குவார்கள். என்ன குற்றத்துக்கு மன்னிப்பு என்று கேட்காதீர்கள்.

ஹெமிங்வே 1932-ல் 'டெத் இன் தி ஆஃப்டர்நூன்' என்று ஒரு முழுப் புத்தகமே போட்டார். இது விளையாட்டு இல்லை ஐயா, சோக நாடகம் என்பது அவர் கட்சி. சும்மா சொல்லக்கூடாது, காளையைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் குறைவு. எனக்கு ஒரே சந்தேகம்... நாடகம் என்றால், ஒரு நடிகருக்கு மட்டும் கதையையே சொல்லாமல் மேடை ஏற்றுவார்களா?

பிக்காஸோ வேறு ரகம். சின்னப் பையனாக அரங்குகளில் உட்கார்ந்து பார்த்தவர். பிக்கடார்களின் குதிரைகளுக்கு மெத்தைக் கவசம் கட்டாயமானது 1928-ல்தான். அதற்கு முன் குதிரைகளின் குடல் மணலில் சரியும். 1937-ல், குண்டு வீச்சில் அழிந்த ஊருக்காக 'குவெர்னிகா' வரைந்தபோது நடுவில் வாய் பிளந்து அலறுகிறதே ஒரு குதிரை, அது அந்தச் சிறுவன் பார்த்த குதிரை என்றுதான் எனக்குப் படுகிறது. ஓரத்தில் நிற்கிற காளை பாசிசமா, ஸ்பெயின் மக்களா என்று இன்றுவரை சண்டை. பாருங்கள், மறுபடியும் முதுகில் மூட்டை!

மூட்டை ஏற்றாமல் பார்த்தவர் என்று நான் கை காட்டுவது கோயாவை. 1816-ல், எழுபது வயசில், செம்புத் தகட்டில் செதுக்கி 33 காளைச் சண்டைப் படங்கள் வெளியிட்டார். நான் பார்த்தது புத்தகத்தில்தான். அதில் 21-வது படத்தில் பக்கத்தைப் புரட்டாமல் நின்றுவிட்டேன். மேட்ரிட் அரங்கில் ஒரு காளை தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர் வரிசையிலேயே குதித்துவிட்டது. தோரெஹோன் என்ற ஊரின் மேயர், பாவம், வேடிக்கை பார்க்க வந்தவர், கொம்பில் தொங்குகிறார். ஒரு பக்கம் ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி ஓடுகிறார்கள். இன்னொரு பக்கம், படத்தில் கிட்டத்தட்டப் பாதி, வெறும் காலி வரிசைகள். மேட்டடார் எடுப்பாக எங்கும் இல்லை. காளை ஆக்ரோஷமாகவும் இல்லை. அது பாட்டுக்கு நிற்கிறது.

அண்ணன் மகன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அந்தப் பக்கத்தைக் காட்டலாமா என்று யோசித்தேன். மேயர் தொங்குகிறாரே என்று மூடி வைத்துவிட்டேன். அவன் காந்தத்தை எடுத்து, பால்பாயின்ட் பேனாவால் ஒரு கண் வரைய முயற்சி பண்ணிக்கொண்டிருந்தான். கறுப்பின் மேல் மை ஏறவில்லை.