கொடிக்குக் கட்டுப்படும் படகுகள்

சிறு பாய்மரப் படகுப் போட்டியில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் தொடக்கம். தண்ணீரில் கோடு கிழிக்க முடியாது. நடுவர் படகின் கம்பத்துக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கண் இழுக்கும் கோடுதான் எல்லை. காற்று வீசும்போது படகுகளை அங்கே அசையாமல் வரிசையில் நிறுத்தவும் முடியாது. அதனால் 5 நிமிடக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தொடங்க 5 நிமிடம் இருக்கையில் வகுப்புக் கொடி ஏறும். 4 நிமிடத்தில் ஆயத்தக் கொடி ஏறும். கடைசி நிமிடத்தில் அது இறங்கும். வகுப்புக் கொடியும் இறங்கினால் போட்டி தொடங்கிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி உண்டு. ஆனால் கணக்கு கொடிக்குத்தான். ஒலி எழாமல் போனாலும் நேரம் மாறாது. முந்திக் கோட்டைத் தாண்டியவர்களுக்காக நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி உயரும். அவர்கள் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இன்னோர் அழகு, தண்டனையைத் தானே ஏற்பது. இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். தவறியவர் யாரும் சொல்லாமலே ஒதுங்கி, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடர்வார்.

ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பதே விதிநூலின் முதல் விதி. 1988 சியோல் ஒலிம்பிக்கில், பூசான் கடலில், இரண்டாவதாகச் சென்றுகொண்டிருந்த கனடாவின் லாரன்ஸ் லெமியூ, படகு கவிழ்ந்து தத்தளித்த சிங்கப்பூர் வீரர்களைக் காப்பாற்றத் திரும்பினார். நடுவர்கள் அந்தப் பந்தயத்தில் இரண்டாம் இடத்தையே அவருக்கு அளித்தனர். உதவியவர் இழப்பை ஈடுசெய்யவும் விதியில் இடம் வைத்த விளையாட்டு இது. என் மதிப்பெல்லாம் அதற்குத்தான்.