டீயை விட மலிவான ஒரு ஜிபி எந்தக் கடையில் கிடைக்கும்?

2025 அக்டோபரில் டெல்லியில் இந்தியா மொபைல் காங்கிரஸ் தொடக்க விழாவில் பிரதமர் சொன்னது எல்லாப் பேப்பரிலும் வந்தது: இந்தியாவில் ஒரு ஜிபி டேட்டாவின் விலை ஒரு கப் டீயை விடக் குறைவு. டிவி விவாதங்களில் இதை ஆதரித்தவர்கள் "உலகத்திலேயே மலிவு" என்றார்கள். எதிர்த்தவர்கள் "பெட்ரோல் விலையைச் சொல்லுங்க" என்றார்கள். அந்தக் கணக்கு எதைக் கணக்கிடுகிறது என்று இரண்டு தரப்பிலும் யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியம் பொய் இல்லை. 299 ரூபாய்க்கு தினம் 1.5 ஜிபி, 28 நாள். அதாவது 42 ஜிபி. வகுத்தால் ஒரு ஜிபி 7 ரூபாய் 12 காசு. எங்கள் தெருமுனைக் கடையில் டீ 15 ரூபாய். கணக்கு சரி.

ஆனால் 7 ரூபாய் 12 காசை நீட்டி "ஒரு ஜிபி குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள், எங்கேயும் கிடைக்காது. டீக்கடை இதே மாதிரி நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். 28 நாளுக்கு, தினம் ஆறு டீ வீதம் முன்பணம் கட்ட வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் குடிக்காத டீயைக் கீழே ஊற்றிவிடுவார்கள். நாளைக்குச் சேர்த்துக் குடிக்கிறேன் என்றால் முடியாது. எனக்கு டீயே வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் மட்டும் படிச்சுக்கறேன் என்றாலும் ஆறு டீக்குக் காசு. இந்தக் கடையைப் பற்றி "இங்கே டீ ரொம்ப மலிவு, ஒரு கிளாஸ் ரெண்டே கால் ரூபாய்தான்" என்று யாராவது சொன்னால் நாம் என்ன சொல்வோம்?

டிராய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. அதில் ஒரு ஜிபிக்கு சராசரியாக எவ்வளவு வருவாய் என்று ஒரு வரி இருக்கும். நாம் மேடையில் கேட்கும் எண்ணின் மூலம் அநேகமாக அதுதான். அது விலை இல்லை, சராசரி வருவாய். மொத்தப் பணத்தை மொத்த ஜிபியால் வகுத்தது. இதில் என்ன நடக்கிறது என்று பார்க்க இரண்டு பேர் போதும். இரண்டு பேரும் 299 கட்டுகிறார்கள். ஒருவர் 40 ஜிபி தீர்க்கிறார், இன்னொருவர் 2 ஜிபி. மொத்தம் 598 ரூபாய், 42 ஜிபி. சராசரி 14 ரூபாய் 24 காசு. ஆனால் முதல் ஆளுக்கு ஒரு ஜிபி ஏழரை ரூபாய்க்கும் கீழே, இரண்டாவது ஆளுக்கு 149 ரூபாய் 50 காசு. 14 ரூபாய் 24 காசு கொடுத்தவர் அந்த அறையிலேயே இல்லை. முதல் ஆள் ராத்திரி முழுக்க கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்த்து 42 ஜிபியையும் தீர்த்தால் சராசரி இன்னும் குறையும். இரண்டாவது ஆளின் பில்லில் ஒரு பைசா குறையாது. டேட்டாவே இல்லாத பட்டன் போன்காரர் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

இந்த இடத்தில் வாட்ஸ்அப் ஃபார்வர்டு கோஷ்டி ஒன்று குறுக்கே வரும். "28 நாள் மோசடி! வருஷத்துக்குப் பதிமூணு மாசம் கட்ட வைக்கிறாங்க!" இதையும் பார்த்துவிடலாம். 28-ஐப் பதிமூன்றால் பெருக்கினால் 364. ஆக 299 வீதம் 13 தடவை, 3887 ரூபாய். பன்னிரண்டு மாதம் என்று மனசில் நினைத்தவர் 3588 என்று எதிர்பார்த்திருப்பார். வித்தியாசம் 299. எரிச்சலான விஷயம்தான். இந்தப் புகாரைக் கேட்டுத்தான் 2022 ஜனவரியில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது வைத்திருக்க வேண்டும். ஜியோவின் 2024 ஜூலை பட்டியலில் அப்படி ஒன்று 319 ரூபாய்க்கு இருந்தது. அதே தினம் 1.5 ஜிபி, முழு மாதம். 12 தடவை கட்டினால் 3828. ஆக, 28 நாள் திட்டத்தால் வருஷத்துக்குக் கூடுதலாகப் போவது சுமார் 60 ரூபாய். நான்கு டீ. மோசடி என்று கத்துகிற அளவுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரிகிற சின்னத் திருட்டைப் பிடித்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுகிறோம் என்பது என் குறை.

பெரியது எது? ஒரு நம்பரை உயிரோடு வைத்திருக்க ஆகும் குறைந்தபட்சச் செலவு. இதற்கு அரசு அறிக்கையில் வரியே கிடையாது. பழைய செய்திகளைத் தோண்டி ஏர்டெல்லின் ஏணியை மட்டும் கட்டிப் பார்த்தேன். மற்றவையும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான். 2018 கடைசியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்ற ஒன்று வந்தபோது 28 நாளுக்கு 35 ரூபாய். 2019 டிசம்பர் கடைசியில் 45. 2021 ஜூலையில் 79. அதே வருஷம் நவம்பரில் 99. 2023 வாக்கில் 155, அதுவும் 24 நாளுக்கு. 2024 ஜூலையில் 199, மறுபடி 28 நாள். ஆறு வருஷத்துக்குள் ஐந்தே முக்கால் மடங்கு. அதே காலத்தில் தங்கமே இரண்டு மடங்கு சொச்சம்தான் ஏறியது.

நியாயமாகச் சொன்னால், 35-ம் 199-ம் ஒரே பொருள் இல்லை. 35 ரூபாயில் கிடைத்தது 26 ரூபாய் 66 காசு பேச்சுநேரமும் துளி டேட்டாவும்தான். 199-இல் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், 2 ஜிபியும் உண்டு. நிறையப் பேசுபவருக்கு இது லாபம்தான். என் குறை, "எனக்கு அவ்வளவு வேண்டாம்" என்று சொல்லும் வழி அடைபட்டுப்போனது. இந்த 199-இல் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது, சுமார் 30 ரூபாய். 2018-இல் நிறுவனத்துக்கே போன மொத்த ரீசார்ஜை இப்போது வரியே கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது.

ஏன் 2018-இல் இது தொடங்கியது? இதுதான் எனக்கு இந்த ஆராய்ச்சியில் ரொம்பப் பிடித்த பகுதி. நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மிஸ்டு கால் காலம் நினைவிருக்கும். பத்து ரூபாய் கார்டைக் காசால் சுரண்டி டாப்-அப் போட்டு, அதை மூன்று மாதம் ஓட்டிய காலம். "வந்து சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு." அப்போது இன்கமிங் மட்டும் வாங்கும் ஆளை நிறுவனங்கள் சகித்துக்கொண்டது கருணையால் இல்லை. இன்னொரு நெட்வொர்க்கிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தால், அழைத்தவரின் நிறுவனம் இவரின் நிறுவனத்துக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். இணைப்புக் கட்டணம் என்று பெயர். 2015-இலிருந்து அது நிமிஷத்துக்கு 14 காசு. அதாவது ஊரில் போனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த பாட்டி, தன் கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2017 அக்டோபரில் டிராய் அதை 6 காசாகக் குறைத்தது. 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். பாட்டி ஒரே நாளில் ஓசிச் சாப்பாட்டுக்காரி ஆகிவிட்டார். முதல் வெட்டு விழுந்து ஒரு வருஷம் கழித்து 35 ரூபாய் வந்ததைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

புது ஆளான ஜியோவுக்கு அந்தக் குறைப்பு சாதகம், பழைய நிறுவனங்களுக்கு அடி. செய்திகளில் இது "கம்பெனிகளின் சண்டை" என்றே வந்தது. அந்தச் சண்டையில் யார் பில் ஏறப்போகிறது என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்பெக்ட்ரம் ஏலம், 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஏஜிஆர் தீர்ப்பு, அதில் வோடஃபோன் ஐடியா இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆனால் ஒரு பொறியாளனாக எனக்கு ஒன்று தெரியும். பேசாத, டேட்டா எடுக்காத ஒரு சிம்முக்கு நெட்வொர்க்கில் ஆகும் கூடுதல் செலவு, ஒரு டேட்டாபேஸில் ஒரு வரி, அவ்வப்போது "நான் இந்த டவர்கிட்ட இருக்கேன்" என்று போன் அனுப்பும் சிறு தகவல். அவ்வளவுதான். 199 ரூபாய் செலவைப் பார்த்து வைத்த விலை இல்லை. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து சராசரியாக எவ்வளவு வர வேண்டும் என்ற இலக்கைப் பார்த்து வைத்த விலை. 2025 செப்டம்பர் காலாண்டில் ஏர்டெல்லின் அந்தச் சராசரி 256 ரூபாய், ஜியோவுக்கு 211 சொச்சம்.

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் அம்மாவிடம் பட்டன் போன்தான். ஒரு மாதம் குறித்து வைத்தேன். அவர் கூப்பிட்டுப் பேசியது 94 நிமிஷம். டேட்டா பூஜ்யம். 2009-இல் டாடா டோகோமோ கொண்டுவந்த நொடிக்கு ஒரு பைசா கணக்கில் போட்டால் 56 ரூபாய் 40 காசு. அவர் கட்டியது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். கடையில் "தம்பி, பேசறதுக்கு மட்டும் போதும்ப்பா, நெட்டெல்லாம் வேணாம்" என்று கேட்டிருக்கிறார். "அது மாதிரி எதுவும் இல்லம்மா, இருக்கறதிலயே கம்மி இதுதான்" என்று பதில். பத்து ரூபாய் டாப்-அப் இப்போதும் உண்டு. வரியும் கட்டணமும் போக 7 ரூபாய் 47 காசு ஏறும். ஆனால் வேலிடிட்டி வராது. பணம் உள்ளே இருக்கும், போன் பேசாது.

"அப்ப நம்பரை விட்டுடலாமே" என்று சொல்ல முடிந்த காலம் போய்விட்டது. பேங்க் ஓடிபி அந்த நம்பருக்கு. ஆதார் அதில். கேஸ் புக்கிங் அதில். ரேஷன் மெசேஜ் அதில். பேக் முடிந்த சில நாளில் இன்கமிங்கும் நின்றுவிடும். பிறகு நம்பரே போய்விடும். போன நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் சொன்னது. அம்மாவின் பென்ஷன் கணக்கு ஓடிபி முன்பின் தெரியாத யாரோ ஒருவர் போனுக்குப் போகும் நாள் அது.

நம் செய்தி ஊடகங்கள் இதை எப்படிச் சொல்கின்றன என்பதற்கு ஒரு சாம்பிள். 2025 ஜனவரியில் "டிராயின் புதிய விதி: 20 ரூபாய் இருந்தால் சிம் கட் ஆகாது" என்று யூடியூப் முழுக்க ஓடியது. அது 2013-இல் வந்த திருத்தம். 90 நாள் பயன்பாடு இல்லாமல் இருந்து, பேலன்ஸ் 20 ரூபாய் இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு நம்பரைத் தக்கவைப்பார்கள். நம்பர் தங்கும் என்பதுதான் விதி. அந்த 20 ரூபாயில் இன்கமிங் வரும் என்றோ ஓடிபி வரும் என்றோ எங்கேயும் இல்லை. பன்னிரண்டு வருஷப் பழைய விதியைப் புதுசு என்று சொல்லி, அதையும் தப்பாகச் சொன்னார்கள்.

உண்மையில் புதிதாக வந்த விதிக்கு இந்த அளவு சத்தம் இல்லை. 2024 டிசம்பர் 23 தேதியிட்ட திருத்தத்தில், டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது கட்டாயம் என்று டிராய் சொன்னது. அதற்கான வேலிடிட்டி உச்சவரம்பை 90 நாளிலிருந்து 365 ஆக்கியது. நல்ல உத்தரவு. ஆனால் குறைந்தபட்ச வேலிடிட்டி இவ்வளவுதான், விலை இவ்வளவுக்குள் என்று எதுவும் சொல்லவில்லை. விளைவு? 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு 469, ஜியோ 84 நாளுக்கு 448. 28 நாளுக்கு மாற்றினால் சுமார் 156-ம் 149-ம். 199-ஐ விடக் குறைவுதான். ஆனால் ஒரே மூச்சில் 450 ரூபாய் பக்கம் எடுத்து வைக்க வேண்டும். ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்ற கடலூர்க்காரர்கள் நாற்பது வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்ட விஷயம் இது. கையில் கொஞ்சமாகக் காசு வருபவருக்கு மொத்தமாக வாங்கும் மலிவு ஒரு மலிவே இல்லை. டேட்டாகாரருக்கு 28 நாள் பாக்கெட் உண்டு, டேட்டா வேண்டாதவருக்கு மட்டும் பெரிய பாட்டில்.

மக்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. 2024 ஜூலை விலையேற்றம் நடந்த அதே மாதம் பிஎஸ்என்எல்லுக்கு சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள். தனியார் மூவரும் இழந்தார்கள். 4ஜி கூட ஒழுங்காக இல்லாத இடத்துக்குப் போனவர்கள் ஜிபி விலையைப் பார்த்துப் போகவில்லை.

எந்த நிறுவனமும் புதுத் திட்டம் போட்டால் ஏழு வேலை நாளுக்குள் டிராயிடம் தெரிவிக்க வேண்டும். ஆகவே தகவல் எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. காலாண்டு அறிக்கையில் ஒரு ஜிபி வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம்: ஒரு நம்பரை 28 நாள் உயிரோடு வைத்திருக்க இந்தக் காலாண்டில் குறைந்தபட்சம் எவ்வளவு, போன வருஷம் எவ்வளவு. மேடையில் டீயோடு ஒப்பிடுபவர்கள் அதையும் ஒப்பிடட்டும். 199 என்பது 13 டீ.

அதுவரைக்கும் உங்கள் அம்மாவோ மாமியாரோ பட்டன் போன் வைத்திருந்தால், பேச்சு மட்டும் உள்ள பேக்கை நீங்களே ஆப்பில் தேடிப் போட்டுவிடுங்கள். கடையில் எல்லோரும் சொல்வதில்லை. வருஷ பேக் போடுவதாக இருந்தால் ரூபாயைப் பார்க்கும் முன் நாளைப் பாருங்கள். மேலே சொன்ன அதே ஜனவரிப் பட்டியலில் ஒன்று 1849 ரூபாய், 365 நாள். இன்னொன்று 1748 ரூபாய், 336 நாள். முதலாவது நாளுக்கு 5 ரூபாய் 7 காசு, இரண்டாவது 5 ரூபாய் 20 காசு. நூறு ரூபாய் குறைவாகத் தெரிவதுதான் விலை அதிகம்.