பொறியுள் பொதிந்தது எவர் அறிவு?

மானிடவியல் அறிஞர் டயானா ஃபோர்சைத் அம்மையார் 1997-இல் மறைந்தார். அவர்தம் கட்டுரைகளை டேவிட் ஹெஸ் தொகுக்க, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 2001-இல் நூலாக்கியது. அயல்நாட்டுக் குடிகளிடையே தங்கி ஆராய்வது அத்துறையின் மரபு; அம்மையாரோ அமெரிக்கச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடங்களில் தங்கினார்.

வல்லுநரை வினவி, அவர்தம் விடைகளை விதிகளாக்கினால் அறிவு கைக்கு எட்டிவிடும் என்று அங்குள்ளோர் எண்ணினர். உஸ்தாதின் முன் அமர்ந்து கிதாபு ஓதிய நாம், ஏட்டில் ஏறாத அறிவு எத்துணை என்பதை அறிவோம். அம்மையார் சுட்டும் குறையும் அதுவே.

ஒற்றைத் தலைவலி நோயாளருக்கு விளக்கமளிக்கும் கணினி பற்றிய கட்டுரையே நூலின் உயிர். நோயாளருக்கு உதவவே அது தொடங்கப்பெற்றது. ஆயினும், அவர்கள் அறிய வேண்டுவதென மருத்துவர் கருதியதே அதனுள் மேலோங்கிற்று; அவர்கள் அறிய விழைந்தது பின்தங்கிற்று. வஞ்சகர் எவருமிலர், நல்லெண்ணம் உடையோரே தம் நோக்கைப் பொதுநோக்கென மயங்கினர்.

தனித்தனிக் கட்டுரைகளாதலின் ‘கூறியது கூறல்’ என்னும் குற்றம் நூலில் உண்டு. அது பொறுக்கத் தக்கதே. நோயாளருக்கு விடை கூறும் பொறிகள் இன்று கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டன. விடையை ஏற்குமுன், “இதனை அமைத்தோர் நோயாளர் சொல்லைக் கேட்டனரா?” என வினவ இந்நூல் கற்பிக்கின்றது. அவ்வினாவை மறந்தால் இழப்பு நமதே.