1ஆம் எண் யாருடையது?

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைப் பக்கம் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் காற்பந்து பேசுகிற மேசை ஒன்று இருக்கும். தேசியக் குழுவின் 10ஆம் எண் ஜெர்சியை அணிந்தவர்களில் யார் பெரியவர் என்று கேட்டால் ரெண்டு நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடும். மொக்தார் டஹாரி. 142 ஆட்டம், 89 கோல். 2010இல் சுசுகி கிண்ணத்தைப் பார்த்து வளர்ந்த யாராவது சஃபி சாலி பெயரை எடுத்தால், "போ தம்பி, போய் டீ சொல்லு" என்று அனுப்பிவிடுவார்கள். 1ஆம் எண்ணுக்கு வந்தால்தான் தே தாரிக் ஆறிப்போகும்.

எனக்கு இந்தச் சண்டை பிடிக்கும். ஆனால் அது நடக்கிற விதத்தில் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது.

கோல் அடிப்பவனுக்குக் கணக்கு இருக்கிறது. கோல் காவலருக்கு என்ன இருக்கிறது? உள்ளே போகாத பந்து எந்த ஏட்டிலும் ஏறாது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் யார் எத்தனை பந்தைத் தடுத்தார் என்று இங்கே உட்கார்ந்து எண்ணியவர் யார்? பார்த்தவர்களின் வாய்தான் ஆவணம். அந்த வாய்களும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால்தான் 1ஆம் எண் பற்றிய பேச்சு திறமையை விட்டுவிட்டுச் சட்டென்று வேறு இடத்துக்குத் தாவிவிடுகிறது. "ஆறுமுகம்தான். நம்ம ஆளு லா." அவ்வளவுதான் வாதம். எதிரே இருப்பவர் சாவ் சீ கியோங் என்றால், அவருக்கும் அதே காரணத்தை ஒட்டிவிடுவார்கள்.

சாவ் சாதாரண ஆள் இல்லை. அறுபதுகளில் ஆசியாவின் தலைசிறந்த காவலர்களில் ஒருவர், ஆசிய நட்சத்திரக் குழுவுக்குத் தேர்வானவர், பிறகு ஹாங்காங்கில் தொழில்முறையாக ஆடியவர். பார்த்தவர்கள் சொல்வதை எடைபோட்டால், வெறும் ஆட்டத்திறன் என்ற தராசில் நான் அவர் பக்கம்தான் சாய்வேன். இன்றைய பிள்ளைகள் கைருல் ஃபாமியைச் சொல்வார்கள். 2010 இறுதியாட்டத்தில், ஜகார்த்தாவில், அவ்வளவு பெரிய இந்தோனேசியக் கூட்டத்தின் நடுவே ஃபிர்மான் உத்தினாவின் பெனால்டியைத் தடுத்தவர். அந்த ஒரு தடுப்பு போதும், அவரை யாரும் மறக்கமாட்டார்கள்.

ஆனால் கேள்வியைக் கவனியுங்கள். சிறந்த காவலர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஜெர்சியை அணிந்தவர்களில் யார் என்பதுதான் கேள்வி. இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்வதால்தான் மேசை சூடாகிறது. அமெரிக்க பேஸ்பாலில் 42ஆம் எண்ணைப் பாருங்கள். மரியானோ ரிவேரா 652 முறை தன் அணியின் முன்னிலையைக் கட்டிக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தவர். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. இருந்தாலும் 42 என்றால் ஜாக்கி ராபின்சன்தான். 1947இல் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு மூடியிருந்த கதவைத் திறந்தபோது அவர் முதுகில் இருந்த எண் அது. 1997இல் எல்லா அணிகளிலும் அந்த எண்ணை நிறுத்திவைத்தார்கள். ஏற்கெனவே அணிந்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அதில் கடைசி ஆள் ரிவேரா.

(எண்ணுக்கே அர்த்தம் இல்லாத இடமும் உண்டு. 1982 உலகக் கிண்ணத்தில் அர்ஜென்டினா அகரவரிசைப்படி எண் கொடுத்தது. 1ஆம் எண் நடுக்கள ஆட்டக்காரர் ஆர்டிலெஸுக்குப் போனது, காவலர் ஃபிய்யோல் 7ஐப் போட்டுக்கொண்டு நின்றார். நம் கடையில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.)

அப்படிப் பார்த்தால் ஆர். ஆறுமுகம் அந்த 1க்குள் என்ன வைத்தார்? இங்கேதான் 2016இல் வந்த 'ஓலா போலா' படத்தோடு எனக்குப் பிணக்கு. சியூ கெங் குவான் எடுத்த நல்ல படம். கடைசி ஆட்டத்தில் நானும் எழுந்து நின்றேன். 1980 குழுவின் உந்துதலில் எழுதப்பட்ட புனைவு என்பதால் அதில் காவலரின் பெயர் முத்து. அதில் தப்பில்லை. ஆனால் படத்தின் கணக்கில் சீனர் ஒருவர் தலைவர், மலாய்க்காரர் ஒருவர், இந்தியர் ஒருவர் என்று ஒவ்வொருவரும் தம் இனத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒற்றுமைக்கு அது வசதியான படம். கடையில் கேட்கிற "நம்ம ஆளு"வும் அதே நாற்காலிதான், பக்கம் மட்டும் வேறு. ரெண்டிலுமே ஆறுமுகம் இந்தியர்களின் பங்காகக் குழுவில் இருந்தவர் ஆகிவிடுகிறார். படம் பார்த்த ஒரு தம்பி என்னிடம், "ஆறுமுகமா? முத்துதானே அவரு பேரு?" என்று கேட்டான்.

அவர் பங்குக்கு நின்றவர் இல்லை. நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். 1977இலும் 1979இலும் சீ விளையாட்டில் தங்கம் வென்ற குழுக்களில் இருந்தவர். சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் முன்னால் நின்று தடுத்தார்கள். அவர்களையும் தாண்டி வருகிற பந்துக்கு இவர். பயிற்றுநர்கள் வருஷக்கணக்காக அந்தக் கம்பத்தை அவரிடம் கொடுத்ததற்குக் காரணம் அவரைவிட நம்பிக்கையான கை வேறு இல்லை என்பதுதான். நாட்டு ஜெர்சி என்று கேட்டால் என் ஓட்டு அவருக்கு. சாவின் பெயரில் ஹாங்காங்கும் சேர்ந்து நிற்கிறது. ஆறுமுகத்தைப் பற்றிப் பேசும்போது மெர்டேக்கா அரங்கத்தைத் தாண்டி மனசு போவதில்லை.

மூத்தவர்களிடம் இப்போது நான் வேறு மாதிரி கேட்கிறேன். "அங்கிள், எந்தப் பந்து? எந்தப் பக்கம் பாய்ந்தார்? மழையா அன்னிக்கு?" பாதிப் பேர் யோசிக்கிறார்கள். மீதிப் பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கையை நீட்டிக் காட்டுகிறார்கள். நான் படித்த மலேசியத் தமிழ்க் கதைகளில் பால்மரமும் தோட்டத்துக் கோயிலும் நிறைய வந்துவிட்டன. கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கிற ஒருவரை இதுவரை பார்த்ததில்லை. அந்தக் கை நீட்டலையாவது யாராவது எழுதலாம்.

1980 ஏப்ரல் 6, மெர்டேக்கா அரங்கம், தென் கொரியாவுக்கு எதிராக 2-1. ஒலிம்பிக் தகுதி கிடைத்தது. பிறகு மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்தது, அந்த இடத்தில் ஈராக் போய் ஆடியது. ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27. இத்தாலியின் டினோ ஜோஃப் உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது அவருக்கு 40. காவலர்கள் அந்த வயது வரைக்கும் நிற்பார்கள். ஆறுமுகம் 1988 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35.