நீலத் தோலில் பூசிய நிறம்

தமிழ்த் திரையில் மெட்டு முதலில் பிறப்பதில் யாருக்கும் வியப்பில்லை. இசையமைப்பாளர் மெட்டைக் கொடுப்பார், கவிஞர் அதன் அளவுக்குச் சொல் தேடுவார், அதற்குப் பிறகுதான் கேமரா ஊட்டிக்குப் புறப்படும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு இது சரிதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் முழுவதையும் இப்படி எடுக்க முடியுமா? வசனம் கிடையாது, தனியாகப் பின்னணி இசையும் கிடையாது. ஒரு ஆல்பத்தின் 14 பாடல்களும் அதே வரிசையில் ஓட, அவற்றின் மேலேயே கதை நடக்க வேண்டும். 'இன்டர்ஸ்டெல்லா 5555' அதைச் செய்து காட்டிய அனிமேஷன் படம்.

பாரிஸ் நகரத்து எலக்ட்ரானிக் இசை இரட்டையராக இருந்தவர்கள் டாஃப்ட் பங்க். தாமஸ் பங்கால்ட்டேர், கீ-மானுவேல் டி ஓமெம்-கிறிஸ்டோ என்ற இருவரும் 2001இல் வெளியிட்ட ஆல்பம் 'டிஸ்கவரி'. சின்ன வயதில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் 'கேப்டன் ஹார்லாக்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். தங்கள் ஆல்பத்துக்குப் படம் வேண்டும் என்றதும் ஹார்லாக்கைப் படைத்த லெய்ஜி மாட்சுமோட்டோவிடமே போனார்கள். அவர் மேற்பார்வையில், கசுஹிசா டாகெனோஉச்சி இயக்கத்தில், டோயி அனிமேஷன் நிறுவனம் படத்தை வரைந்தது. முதல் நான்கு பாடல்களின் காட்சிகள் 2001இலேயே தொலைக்காட்சியில் வந்துவிட்டன. முழுப் படம் 2003 மே மாதம் கான் திரைவிழாவில் திரையேறியது.

கதை எளிமையானது. தொலைதூரக் கிரகம் ஒன்றில் நீலத்தோல் மனிதர்கள். அவர்கள் கொண்டாடும் நால்வர் இசைக்குழு மேடையில் இருக்கிறது. ஒரு படை வந்து நால்வரையும் தூக்கிக்கொண்டு பூமிக்குப் போகிறது. அங்கே அவர்கள் பூமி மனிதர்களாக மாற்றப்பட்டு, பெரும் லாபம் ஈட்டும் பாப் குழுவாகச் சந்தைக்கு வருகிறார்கள். கிட்டார் வடிவ விண்கலத்தில் ஒருவன் அவர்களைத் தேடி வருகிறான். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டெல்லாமீது அவனுக்குக் காதல். நம் வடஆர்க்காட்டுக் கூத்தில் வேஷக்காரர் பாடி நிறுத்தினால் கட்டியங்காரன் புகுந்து விஷயத்தை வசனத்தில் உடைத்துச் சொல்லிவிடுவார். இந்தப் படத்தில் அந்த ஒத்தாசையும் இல்லை. காதும் கண்ணும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படத்தின் ருசி, பழகிய பாட்டுக்குப் புது அர்த்தம் ஏறும் இடங்களில் இருக்கிறது. 'ஏரோடைனமிக்' மணியோசையோடு தொடங்கும். ஆல்பமாகக் கேட்கும்போது அது ஒரு அலங்காரம். படத்தில், கொண்டாட்டப் பாடலான 'ஒன் மோர் டைம்' முடிந்த கையோடு வருவதால், அதே மணி அபாயச் சங்காகிவிடுகிறது. 'சம்திங் அபௌட் அஸ்' மென்மையான காதல் பாட்டு. படம் அதைக் காதலன் சாகும் நேரத்தில் வைக்கிறது. சுரம் ஒன்றும் மாறவில்லை, ஆனால் அந்தப் பாட்டை இனி யாராலும் கல்யாண வீட்டில் போட முடியாது. பரத மேடையில் பதம் ஒன்றுதான் என்றாலும் அபிநயம் பிடிப்பவர் பாவத்தை மாற்றினால் சபைக்கு வேறு கதை கிடைக்கும். அந்தக் கலை தெரிந்தவர்கள் எடுத்த படம் இது.

உச்சம் நான்காவது பாட்டு, 'ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்'. தனியாகக் கேட்டால் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஏற்ற உற்சாகப் பாட்டு. உலோகக் குரல் ஒற்றை ஒற்றைச் சொல்லாக உதிர்க்கும், பிறகு அதே சொற்களை முன்பின்னாக மாற்றிக் கோக்கும். திரையில் அது தொழிற்சாலையின் தாளமாகிறது. மயங்கிக் கிடக்கும் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக இயந்திர வரிசையில் நகர்கிறார்கள். அவர்களுடைய ஞாபகங்கள் உருவி எடுக்கப்பட்டுத் தட்டுகளில் பதிவாகின்றன. நீலத் தோல்மீது மனித நிறம் ஏறுகிறது. புது உடை, புது முகம். ஒவ்வொரு சொல்லும் விழ ஒரு வேலை முடிகிறது.

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பு கண்ட தோல் மயிரும் சதையும் நீங்கி, குரோம் உப்போடு டிரம்மில் உருண்டு வெளியே வரும்போது ஈரம் சொட்டும் வெளிர்நீலமாக இருக்கும். 'வெட் ப்ளூ' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய முறையில் இந்த நீலம் கிடையாது. அந்த நீலத்தை ஷேவிங், சாயம், ஸ்பிரே என்று வரிசையாகத் தாண்டவைத்து, வாங்குபவர் கேட்ட பழுப்பாகவோ கறுப்பாகவோ ஆக்குவார்கள். பிறகு ஷூ கம்பெனிப் பெண்களின் கையில் தையல் கண்டு, வெளிநாட்டுப் பெயர் பொறித்த பெட்டியில் ஏறும். ஐரோப்பியக் கடையில் அதைப் போட்டுப் பார்ப்பவருக்கு ஆம்பூர் என்ற பெயர் தெரிய வாய்ப்பில்லை. மாட்சுமோட்டோவுக்கும் ஆம்பூர் தெரிந்திருக்காது. ஆனால் செய்தவரின் ஊரும் பேரும் அழிந்தால்தான் சரக்கு நன்றாக விலைபோகும் என்ற கணக்கு டோக்கியோவிலும் பாரிஸிலும் நம் ஊரிலும் ஒன்றுதான். இந்தப் படம் சொல்ல வந்தது அதைத்தான்.

வெற்றிப் பாட்டான 'கிரெசென்டால்ஸ்' ஆர்ப்பரித்து ஓய்ந்ததும் 'நைட்விஷன்' வருகிறது. தாளம் தணிந்த, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான துண்டு. ஆல்பத்தில் பலர் தாண்டிப் போகும் இடம் அது. படத்தில் நால்வரின் களைப்புக்கு அதுதான் இடம் கொடுக்கிறது. மாட்சுமோட்டோ பாணி முகங்கள் அதிகம் அசையாதவை. நீண்ட இமை, நீண்ட கூந்தல், உறைந்த பார்வை. குறைந்த அசைவில் வரையும் ஜப்பானிய முறை இங்கே நன்றாகக் கைகொடுக்கிறது. ஒரே சொற்றொடரைச் சுழற்றிச் சுழற்றி வாசிக்கும் இசைக்கு, நின்று பார்க்கும் முகம் பொருத்தமான துணை.

குறை இல்லாமல் இல்லை. நால்வரையும் கடத்தச் சொன்ன வில்லன் ஒரு பிரபு. பல காலமாக வேற்றுலகக் கலைஞர்களைக் கடத்திவந்தவன், 5555 தங்க இசைத்தட்டுகள் சேர்ந்தால் பிரபஞ்சத்தையே ஆளலாம் என்று நம்புகிறவன். இந்தப் பூர்வகதை 'வெரிடிஸ் க்வோ' என்ற அழகான, நிதானமான இசைமீது பாரமாக உட்கார்ந்திருக்கிறது. திரையில் நால்வர் கிட்டாரும் டிரம்ஸும் கீபோர்டும் வாசிக்க, காதில் விழுவது பெரும்பாலும் இயந்திரம் அடுக்கிய ஒலி. அந்த இடைவெளியைப் படம் கண்டுகொள்வதே இல்லை.

அந்த இடைவெளியில் இன்னொரு கதையும் இருக்கிறது. 'டிஸ்கவரி' பழைய இசைத்தட்டுகளிலிருந்து துணுக்கு வெட்டி எடுத்து நெய்த ஆல்பம். தொழிற்சாலைப் பாட்டின் அடிநாதம் 1979இல் எட்வின் பேர்ட்சாங் செய்த பாட்டு. அவர் பெயர் ஆல்பத்தில் இருக்கிறது. 'ஒன் மோர் டைம்' பாடலுக்கு உயிர் கொடுத்த துணுக்கு அதே 1979இல் எடி ஜான்ஸ் பாடியது. அவர் பெயர் ஆல்பத்தில் இல்லை. உலகமே ஆடிய அந்தப் பாட்டால் அவருக்குப் பணம் எதுவும் வந்து சேரவில்லை என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் 2021இல் எழுதியது. பெயர் பறிபோன கலைஞர்களைப் பற்றிய படத்தின் முதல் பாட்டே இப்படி. இதனால் படம் பொய்யாகிவிடாது. நிறம் பூசும் இடத்தில் இந்தப் படத்தைப் படைத்தவர்களும் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அந்த இயந்திர வரிசையை இன்னும் கூர்மையாகப் பார்க்க முடிகிறது.

2024 டிசம்பரில் படம் 4கே மெருகோடு பல நாடுகளில் மீண்டும் திரைக்கு வந்தது. கணினி தேய்த்ததில் கையால் வரைந்த கோடுகள் சிதைந்துவிட்டன என்று ரசிகர்கள் பலர் முணுமுணுத்தார்கள். பழைய டிவிடி கிடைத்தால் அதையே பாருங்கள். அதற்கு முன்னால் ஆல்பத்தை ஒருமுறை படம் இல்லாமல் முழுதாகக் கேட்டுவிடுங்கள். உங்கள் காது தனக்கென்று ஒரு கதை சொல்லியிருந்தால்தான், இந்தப் படம் அதை எங்கே திருப்பிப் போடுகிறது என்பது தெரியும்.