2003: வெட்டு யார் மீது நிலைத்தது?

2001 மே மாதம் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசின் சிக்கன நடவடிக்கைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எல்லோரும் நேராக 2003 ஜூலைக்குப் போய்விடுகிறோம். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் விசாரணையே இல்லாமல் வேலையிழந்த அந்த நாட்கள் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், ஒரு சாரார் அதைக் கொடுமை என்பார்கள், இன்னொரு சாரார் துணிச்சல் என்பார்கள்; பேச்சு முடிந்துவிடும். அந்த அரசு வெட்டியவற்றில் எவை திரும்பி வந்தன, எது வரவே இல்லை என்று பார்த்தால்தான் அதன் நிறையும் குறையும் சரியாகப் பிடிபடும்.

நெருக்கடி உண்மையானது. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2001 ஆகஸ்டில் நிதியமைச்சர் சி. பொன்னையன் வெளியிட்ட வெள்ளை அறிக்கைக்கு முந்தைய தி.மு.க. ஆட்சியைக் குற்றவாளியாக நிறுத்தும் நோக்கமும் இருந்தது என்றாலும், அதன் அடிப்படைக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. ஐந்தாவது மத்திய ஊதியக் குழுவைப் பின்பற்றி 1990களின் இறுதியில் மாநிலங்கள் சம்பளத்தை உயர்த்தின. வரி வருவாய் அந்த வேகத்தில் ஏறவில்லை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றுமே வருவாயின் பெரும்பகுதியைத் தின்றுவிட, அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் நிலை வந்தது. கேரளத்தில் அதே 2001 மே மாதத்தில் பதவியேற்ற ஏ.கே. அந்தோணி அரசும் இதே போல வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஆகவே ஏதோ ஒரு வெட்டு வந்தே தீரும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. யாரிடமிருந்து, எந்த வரிசையில், யாரைக் கேட்டு வெட்டுவது என்பதில்தான் அந்த அரசு தவறியது.

வெள்ளை அறிக்கை வெளிவருவதற்கு முன்பே, 2001 ஜூன் தொடக்கத்தில், கிராம ஊராட்சிகளில் வேலை செய்த மக்கள் நலப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள். 1989இல் தி.மு.க. ஆட்சி நியமித்தவர்கள் இவர்கள். 1991இல் அ.தி.மு.க. நீக்கியது, 1997இல் தி.மு.க. திரும்ப எடுத்தது, 2001இல் மறுபடி நீக்கம். இதைச் சிக்கனம் என்று யாரும் நம்பவில்லை. கட்சிப் பகை என்றே ஊர்களில் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் சுமார் 10,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் சாலையோரம் நின்றவர்கள். மாநிலத்தின் நிதிச் சுமையில் அவர்களுடைய சம்பளத்தின் பங்கு மிகச் சிறியது. இத்தனைக்கும் பிறகு, 2003இல் அதே அரசு 1914 முதல் இயங்கிவந்த ராணி மேரிக் கல்லூரியை இடித்துப் புதிய தலைமைச் செயலகம் கட்டப் புறப்பட்டது. மாணவிகள் போராடித் தடுத்தார்கள். கஜானா காலி என்று சொல்லும் அரசு தனக்கென ஒரு மாளிகைக்குத் திட்டமிடும்போது, அதன் வெள்ளை அறிக்கையை யார் மதிப்பார்கள்?

மின்சார விஷயத்தில் அரசின் வாதத்துக்கு வலு இருந்தது. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். பத்துக் குதிரைத் திறன் மோட்டார் வைத்திருப்பவருக்கும் மூன்று குதிரைத் திறன் வைத்திருப்பவருக்கும் ஒரே சலுகை. நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே போனதில் இதற்கும் பங்குண்டு. 2003இல் கட்டணம் கொண்டுவந்தபோது சிறு, குறு விவசாயிகளுக்கு ரொக்க உதவி உண்டு என்று அரசு சொன்னது. கொள்கை அளவில் இதில் பிழை காண மாட்டேன். ஆனால் அது வறட்சிக் காலம். காவிரியில் தண்ணீர் வராமல் டெல்டாவில் குறுவை பொய்த்த ஆண்டுகளில், கிணற்றுப் பாசனத்தை நம்பிப் பயிர் வைத்தவனிடம் பில்லை நீட்டினார்கள். சீர்திருத்தத்துக்குப் பருவம் பார்ப்பதும் நிர்வாகத்தில் அடங்கும்.

அரசு ஊழியர்களிடம் வருவோம். விடுப்பு ஒப்படைப்புத் தொகை, போனஸ், ஓய்வூதியத்தைத் தொகுத்து முன்பணமாகப் பெறும் பங்கு என்று சலுகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்புகளான ஜாக்டோ-ஜியோவும் கோட்டா-ஜியோவும் 2003 ஜூலை 2ஆம் தேதி காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கின. தலைவர்கள் இரவோடிரவாகக் கைது செய்யப்பட்டார்கள். 2002இல் நிறைவேறிய அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை (எஸ்மா) ஜூலை 4ஆம் தேதி அவசரச் சட்டத்தால் திருத்தி, விசாரணையின்றியே பணிநீக்கம் செய்ய வழி செய்தார்கள். ஏறத்தாழ 1,70,000 பேர் வேலையிழந்தார்கள். காலியான நாற்காலிகளுக்குத் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஊழியர்கள் வந்தார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாதிக்கப்பட்டவர்கள் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது ஒரே ஒருவர்தான் இருந்தார். கைதானவர்களையும் வழக்குப் பதிவானவர்களையும் தவிர மற்றவர்கள், நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று அரசு ஒப்புக்கொண்டது. 2003 ஆகஸ்ட் 6ஆம் தேதி நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை சட்டத்தின்படியும் இல்லை, அறத்தின்படியும் இல்லை என்று தீர்ப்பளித்தது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய தலைமை ஆசிரியர்கள் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். நிதிப் பற்றாக்குறையைச் சரிசெய்ய இந்த அவமானம் எதற்குத் தேவைப்பட்டது என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சங்கங்களின் பக்கமும் குறை உண்டு. சாலைப் பணியாளர்கள் தெருவில் நின்றபோது கூட்டமைப்புகள் முழு பலத்தோடு அவர்களுக்காக எழவில்லை. அலுவலகங்களில் லஞ்சத்துக்கும் அலைக்கழிப்புக்கும் ஆளான பொதுமக்கள், ஊழியர்களின் போராட்டத்தைத் தங்களுடையதாக நினைக்கவில்லை. அந்த ஜூலையில் பேருந்திலும் டீக்கடையிலும் அரசுக்கு ஆதரவான குரல்தான் அதிகம் கேட்டது.

கேரளத்தையும் பார்க்க வேண்டும். 2002 தொடக்கத்தில் அந்தோணி அரசு சலுகைகளை வெட்டியது. ஊழியர்கள் 32 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேச்சுவார்த்தையில் முடிந்தது, கூட்டம் கூட்டமாகப் பணிநீக்கம் நடக்கவில்லை. தேர்தல் பலன் என்று பார்த்தால் அந்தோணிக்கும் ஆறுதல் இல்லை: 2004 மக்களவைத் தேர்தலில் அவருடைய கூட்டணிக்கு 20இல் ஒரே ஒரு தொகுதி. பேசித் தீர்த்தால் வாக்கு கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதிதாகச் சேர்வோருக்கான பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் அங்கே 2013 ஏப்ரலில்தான் வந்தது.

தமிழ்நாட்டில் அது பத்து ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளியான அதே 2003 ஆகஸ்ட் 6ஆம் தேதி நிதித்துறை ஓர் அரசாணை வெளியிட்டது, எண் 259. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்தம், அரசு அதே அளவு செலுத்தும் என்பது புதிய ஏற்பாடு. இதற்காக அன்று யாரும் தெருவுக்கு வரவில்லை. பாதிக்கப்படப் போகிறவர்கள் இன்னும் வேலைக்கே சேரவில்லையே.

2004 மே 13ஆம் தேதி மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்தன. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றது. ஐந்தே நாட்களில், மே 18ஆம் தேதி, விவசாயிகளின் இலவச மின்சாரம் திரும்பியது. வருமானம் கூடியவர்கள் என்று சலுகையை மறுத்து ரேஷன் அட்டையில் குத்தப்பட்ட 'எச்' முத்திரை போனது. ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன. சாலைப் பணியாளர்கள் 41 மாதம் காத்திருந்து 2006 பிப்ரவரியில், அடுத்த தேர்தலின் வாசலில், வேலைக்குத் திரும்பினார்கள். 2001 நவம்பரில் விதித்த நியமனத் தடையும் அப்போதுதான் நீங்கியது. வாக்குச் சீட்டு கையில் இருந்தவர்களிடமிருந்து பறித்தவை பெரும்பாலும் திரும்பின. அரசாணை 259 நின்றது. அடுத்தடுத்து வந்த இரு கட்சி ஆட்சிகளும் அதைத் தொடர்ந்தன. அதன் பிறகு சேர்ந்த ஆசிரியர் ஒருவர், தனக்கு முந்தைய ஆண்டு சேர்ந்தவருக்கு இருந்த பாதுகாப்பு தனக்கு இல்லாமல் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார்.

நிதி சீரானதே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 2003இல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது, நாட்டிலேயே அதை முதலில் கொண்டுவந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2005-06இல் வருவாய்க் கணக்கு உபரிக்கு மாறியது. இந்தப் பெருமையை அந்த அரசிடமிருந்து பறிக்க மாட்டேன். ஆனால் 2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் எடுத்துக்கொண்டது, மத்திய அரசின் கடன் மாற்றுத் திட்டத்தால் வட்டி குறைந்தது, நாடு முழுவதும் பொருளாதாரம் வேகமெடுத்து வரி வருவாய் கூடியது. பல வெட்டுகள் 2004 மே மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டும் உபரி வந்ததென்றால், கைகொடுத்தது வெட்டு அல்ல, வருவாய்ப் பெருக்கம் என்பதே என் முடிவு. அதில் சாராயக் காசின் பங்கு என்னை உறுத்துகிறது. அரசு ஊழியரிடமிருந்து வாங்க முடியாததைக் கூலித் தொழிலாளியின் பையிலிருந்து எடுத்தோம்.

இன்னொரு நட்டம் கணக்கில் வராதது. சீர்திருத்தம் என்றாலே தோல்வி என்று இரு கட்சிகளும் பாடம் படித்துக்கொண்டன. 2003க்குப் பிறகு 2010 வரை மின் கட்டணத்தைத் தொட யாரும் துணியவில்லை. மின்வாரியக் கடன் மலையாக ஏறியது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மறுபடி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாகச் சொன்னார்.

இனி எந்தக் கட்சி கோட்டைக்கு வந்து கஜானா காலி என்று அறிவித்தாலும், வாக்காளர்களாகிய நாம் அந்த அறிக்கையோடு இன்னொரு பட்டியலையும் கேட்க வேண்டும்: அமைச்சர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார், வரி பாக்கி வைத்திருக்கும் நிறுவனங்களிடம் எவ்வளவு வசூலாகும், ஊழியர் எவ்வளவு சுமப்பார், இன்னும் வேலைக்குச் சேராத பிள்ளைகள் மீது எவ்வளவு ஏற்றுகிறீர்கள். அந்தப் பட்டியல் சட்டமன்றத்தில் விவாதிக்கப்படும்வரை ஒரு ரூபாய் வெட்டுக்கும் சம்மதிக்காதீர்கள்.